விழ இடமில்லை

என் மகள் முதல்முறை மயங்கியபோது, தரையில் விழவிடாமல் தாங்கிப் பிடித்தவள் நான்தான். சலவைக் கூடத்தில் நானும் அவளும் நாள் முழுக்க நின்றபடி துணி தேய்க்கிறோம். எனக்கு நல்ல பாரமான உடம்பு, அவள் ஒல்லி. எல்லோரும் அவளைக் குச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். "அம்மா, கண்ணு இருட்டுது" என்றாள், அவ்வளவுதான், சரிந்தாள். அப்படியே அள்ளி நாற்காலியில் உட்காரவைத்து, தலை தொங்காமல் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டேன். உடனே அவள் கைகால்கள் வெட்டி இழுக்க ஆரம்பித்தன.

ஆஸ்பத்திரியில் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, இதயத்தில் ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டரம்மா.

"அப்புறம் ஏன் விழறா? நல்லா இருக்கிறவ சும்மா விழுவாளா?" என்று பாய்ந்தேன்.

"வெக்கையில ரொம்ப நேரம் நின்னா சிலருக்கு ரத்தம் காலுக்கு இறங்கிடும்மா. மூளைக்கு எட்டாது, மயக்கம் வரும். அதுக்கு முன்னால கொட்டாவி வரும், முகம் வெளுக்கும். படுத்துட்டா தானா சரியாயிடும். நீங்க நிமித்தி வெச்சீங்க பாருங்க, அதனாலதான் கைகால் இழுத்துச்சு. ரொம்ப நேரம் அப்படியே பிடிச்சா உயிருக்கே ஆபத்து."

"பெத்தவ கையைக் கட்டிக்கிட்டு வேடிக்கை பாக்கணுமா?"

"கீழ படுக்க வைங்க. காலைத் தூக்கிப் பிடிங்க. அதுதான் வைத்தியம்."

நல்ல வைத்தியம் என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். ஆனால் அன்றிலிருந்து அவள் கொட்டாவி விட்டால்கூட, தேய்ப்பதை நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்ப்பேன்.

நேற்று வேலை முடிந்து பேருந்தில் ஏறினோம். எள் போட்டால் எள் விழாத கூட்டம். ஒரே ஓர் இருக்கை காலியானது. "உனக்குத்தானே முட்டி வலி, உக்காரும்மா" என்று என்னை அதில் அமுக்கினாள். கூட்டம் அவளைப் பின்பக்கம் நெருக்கிக்கொண்டு போய்விட்டது. மழைக்காக ஜன்னலையெல்லாம் மூடியிருந்தார்கள். உள்ளே எங்கள் சலவைக் கூடத்து வெக்கை.

திரும்பிப் பார்த்தேன். கொட்டாவி விட்டாள். முகம் வெளுத்த துணியாக இருந்தது.

"குச்சி! உக்காருடி! அங்கயே கீழ உக்காரு!"

சும்மா இரு என்று கண்ணால் அதட்டினாள். அந்தக் கண் அப்படியே மேலே செருகியது.

அவள் விழவில்லை. எங்கே விழுவாள்? எள்ளுக்கே இடமில்லை. நாலு பக்கமும் தோள்கள். ஒரு தடியன் அவளைக் கட்டிப்பிடித்து நிறுத்தினான். ஒருத்தி தலையை நிமிர்த்தினாள்.

"பயப்படாதீங்கக்கா, பிடிச்சிருக்கோம்! விழ விடமாட்டோம்!"

பாவம், நல்ல மனிதர்கள். ஆனால் அவள் விரல்கள் துடிக்க ஆரம்பித்திருந்தன.

"விடுங்க அவளை! கீழ போடுங்க!"

"வலிப்பு போல, கெட்டியாப் பிடி" என்றது ஒரு குரல்.

என் பாரம் நேற்றுத்தான் உதவியது. இடித்தேன், மிதித்தேன், முட்டி வலியாவது மண்ணாவது. அருகே போனதும் என் கைகளே அவள் அக்குளுக்குள் போய் அவளைத் தூக்கப் பார்த்தன. அடிப்பாவி, தூக்காதே என்று என்னையே திட்டிக்கொண்டேன். தடியன் விடுவதாயில்லை. அவன் கையைக் கடித்துவிட்டேன்.

"நீயெல்லாம் பெத்தவளா?" என்றாள் தலையைப் பிடித்திருந்தவள்.

கடிக்குப் பயந்து சுற்றி நின்றவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து விலகியதில் கொஞ்சம் இடம் கிடைத்தது. என் மகளை இழுத்து, ஈரமும் சேறுமாகக் கிடந்த தரையில் கிடத்தினேன். அவள் கால்களைத் தூக்கி என் தோளில் போட்டுக்கொண்டேன். அசைவில்லை. மூச்சு விடுகிறாளா என்றும் தெரியவில்லை. டாக்டரம்மா சொன்னது பொய்யாக இருந்தால்? நானே என் பிள்ளையைக் கொன்றவள் ஆகிவிட்டால்? நான் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உதட்டில் மெல்லச் சிவப்பு ஏறியது. பிறகு கண் திறந்தது.

"ஏம்மா மானத்தை வாங்கற?" என்றாள். "காலை இறக்கு. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்டி."

எங்கள் நிறுத்தம் வந்தது, போனது. நான் அவள் கால்களை இறக்கவில்லை.