கடைசி எண்ணுக்கு அடுத்தது

லாவண்யா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கம்ப்யூட்டர் வகுப்பின் தேர்வுக் கணக்கு என்னவோ சின்னதுதான். எண்கள் வரிசையாக வரும். ஒவ்வொன்றையும் அடுத்த எண்ணோடு ஒப்பிட்டு, எத்தனை இடத்தில் ஏறுகிறது என்று சொல்கிற புரோகிராம் எழுத வேண்டும். ஐந்து சோதனையில் மூன்றுதான் பச்சை காட்டியது. இரண்டு சிவப்பு. மிச்சம் ஒரே ஒரு முயற்சி. அதுவும் போனால் வகுப்பிலிருந்து பேரை எடுத்துவிடுவார்கள்.

பேர் போவதுகூடப் பெரிதில்லை. போன வாரத் தேர்வில் தோற்றுவிட்டு, வீட்டில் வாய் கூசாமல் பாஸ் என்று சொல்லியிருந்தாள். நம்பின புருஷன் தீனா, தறிக்கொட்டகை முழுக்க ஜாங்கிரி கொடுத்துவிட்டு வந்தான். இப்போது பேர் போனால் அந்த மனுஷன் எந்த முகத்தோடு அங்கே போய் உட்காருவான்?

சிவப்பு விழுந்த வரிசையைத் தாளில் எழுதினாள். 2, 6, 4, 1. விடை ஒன்று வர வேண்டும். அவளுக்கு இரண்டு வந்திருந்தது. விரல் வைத்துப் பார்த்தாள். இரண்டிலிருந்து ஆறு, ஏற்றம். ஆறிலிருந்து நாலு, இறக்கம். நாலிலிருந்து ஒன்று, இறக்கம். அங்கே நிற்காமல் விரல் தானாக முதல் எண்ணுக்குத் திரும்பியது. ஒன்றிலிருந்து இரண்டு, ஏற்றம்.

அடிப் பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பத்து வருஷமாகப் பட்டுச்சேலை பார்டரில் பூ விழ வைக்கிற, துளை போட்ட ஜக்கார்டு அட்டைகளைக் கோத்த கை அது. நானூறு அட்டையையும் கயிற்றில் கோத்து, கடைசி அட்டையை முதல் அட்டையோடு சேர்த்துக் கட்டித்தான் தறிக்கு மேலே மாட்டுவார்கள். சுற்றி வந்தால்தான் அதே பூ மறுபடி விழும். எண்களையும் அப்படியே சேர்த்துக் கட்டிவைத்திருக்கிறாள். இங்கே கடைசி என்றால் கடைசிதான்.

கடைசி எண்ணை முதல் எண்ணோடு ஒப்பிடச் சொன்ன அந்த ஒரு வரியை அழித்தாள். பயம் மட்டும் விடவில்லை. இரண்டு நிமிஷம்தான் இருக்கிறது என்றார் வாத்தியார். கண்ணை இறுக மூடிக்கொண்டு பட்டனை அழுத்தினாள், திறக்கத் தைரியம் வரவில்லை. பக்கத்து நாற்காலி சுகன்யாதான் தோளைத் தொட்டாள்.

"அஞ்சும் பச்சை, அக்கா."

மாடிப்படியில் நின்று தீனாவுக்குப் போன் போட்டாள். அவன் தறியை நிறுத்தாமலே பேசினான், அதன் சத்தம் கேட்டது.

"நான் பாஸாயிட்டேங்க."

"அதான் போன வாரமே சொன்னியே. இப்ப இன்னாத்துக்கு அழுதுகினு கீற?"

சும்மாதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பொய் அப்படியே மூடிப்போகும்.

"போன வாரம் பாஸாவலீங்க. இன்னிக்குத்தான்" என்றாள்.

அந்தப் பக்கம் தறி நின்றது.