நாலாவது பாட்டில் கேட்ட குரல்

டென்மார்க்கின் எஸ்பியர்க் துறைமுகத்தில் கைவிடப்பட்ட மீன் குளிரறை ஒன்று இருந்தது. தாரகனும் மாஸும் இன்னும் இரண்டு டெனிஷ் பெடியன்களும் அதற்குள்தான் பாட்டுப் பழகினார்கள். குளிரறைக்கு டெனிஷில் என்ன சொல்லோ அதையே, ஃப்ரூஸஹூஸ் என்று, தங்கள் ரொக் இசைக்குழுவுக்கும் பெயராக வைத்துக்கொண்டார்கள். தாரகன் பாடுவான், கித்தார் வாசிப்பான். மாஸ் டிரம்ஸ். இரண்டாயிரத்து ஒன்பது மார்ச்சில் அவர்களுடைய முதல் அல்பம் வந்தது. வந்தது என்று அவர்கள் வீட்டு ஆட்களுக்கு மட்டும் தெரிந்தது.

உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று நாலு வரி எழுதியது: பெடியன்கள் நன்றாக வாசிக்கிறார்கள், ஏன் இவ்வளவு துக்கம் என்றுதான் விளங்கவில்லை. இசைத் தளம் ஒன்றில் அல்பத்துக்கென்று ஒரு பக்கம் இருந்தது. அதில் ஒருவர் இரண்டாவது பாட்டோடு நிறுத்திவிட்டதாக எழுதியிருந்தார். இன்னொருவர் டிரம்ஸை வானளாவப் புகழ்ந்திருந்தார். அது மாஸின் தம்பி.

தமிழ்க் கடை வைத்திருந்த குணசேகரம் அண்ணை சீடியை வாங்கிக் கடையிலேயே போட்டுப் பார்த்தார். மூன்றாவது பாட்டு முடிவதற்குள் நிறுத்திவிட்டார்.

"குறை நினையாதையும் தம்பி. அங்கை வன்னியிலை சனம் செத்துக்கொண்டிருக்கேக்கை நீர் ஏன் டெனிஷ்காரன்ரை கவலையைப் பாடிக்கொண்டிருக்கிறீர்?"

அவர் இன்னும் ஒரு பாட்டுக் கேட்டிருக்கலாம் என்று தாரகன் நினைத்தான். கேட்காததும் நல்லதுக்கே என்றும் நினைத்தான்.

நாலாவது பாட்டில் அவன் பாடவில்லை. கித்தார் மெல்ல மெல்ல அடங்கும்போது ஒரு ஆண் குரல், "ஹலோ, விளங்குதோ? விளங்குதோ?" என்று கேட்கும். அது அவனுடைய சின்ன மாமா. முந்தின டிசம்பரில் வன்னியிலிருந்து, ஒரு தொலைபேசி நிலையத்தில் வரிசையில் நின்று கோல் எடுத்தவர். திரும்பக் கேட்கலாம் என்று அம்மா யோகம்மா சொன்னபடியால் தாரகன் அதைப் பதிவு செய்து வைத்திருந்தான். மாமாவின் குரலுக்குப் பின்னால் ஒரு பெண், "கெதியாக் கதையுங்கோ அண்ணை, எல்லாரும் நிக்கினம்" என்பாள். பிறகு டிரம்ஸ் எழும்பி இரண்டையும் மூடிவிடும். குரலைப் பாட்டில் சேர்த்ததை அவன் அம்மாவுக்குச் சொல்லவில்லை.

ஏப்ரலில் இசைத் தளத்தின் அந்தப் பக்கத்தில் புதிதாக ஒருவர் எழுதினார். பெயர் இல்லை. 'லூட்டர்' என்று மட்டும், கேட்பவர் என்று அர்த்தம். பிழை மலிந்த டெனிஷில் மூன்று கேள்விகள்: நாலாவது பாட்டில் கதைப்பவர் யார்? எங்கே பதிந்தது? எந்த மாதம்?

"பார்த்தியா, எங்களுக்கு ஒரு ரசிகர்" என்றான் மாஸ்.

தாரகனுக்குச் சந்தேகம்தான் வந்தது. அந்த நாட்களில் யார் என்ன கேட்டாலும் ஏன் கேட்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றும். போரை நிறுத்தச் சொல்லிப் போன ஊர்வலத்தில் ஓரமாக நின்று படம் எடுத்தவன் இலங்கைத் தூதரக ஆளாம் என்று கடையில் கதை. போன கிழமைவரை அண்ணை தம்பியாக இருந்தவர்கள், மற்றவர் எந்தப் பக்கம் என்று கண்ணால் அளந்தார்கள். குரலை வைத்து மாமாவைப் பிடிக்கப் பார்க்கிறார்களோ? அல்லது, எங்கள் சனத்தின் குரலைப் பாட்டாக்கி விற்கிறாயா என்று கேட்க யாரோ வழி தேடுகிறார்களோ? அவன் பதில் எழுதவில்லை. அடுத்த கிழமையும் அதே கேள்விகள் வந்தன. அதற்கடுத்த கிழமை இன்னொரு வரி சேர்ந்திருந்தது: பின்னால் நிற்கும் பெண் யார்?

அந்தப் பெண்ணின் குரல் டிரம்ஸுக்குள் அமுங்கிக் கிடப்பது. அதைப் பிரித்துக் கேட்டவருக்குத் தமிழ் தெரியும். அதோடு அவனுக்கு நித்திரை குழம்பியது.

மே மாதம் வன்னியில் போரோடு எல்லாம் முடிந்தது. யோகம்மா தொலைக்காட்சிக்கு முன்னால் சாப்பிடாமல் இருந்தாள். மாமாவைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. அந்தக் கிழமைதான் மாஸ், தாரகனைக் கேட்காமலே, அந்தப் பக்கத்தில் பதில் போட்டான்: அது எங்கள் பாடகரின் மாமா, டிசம்பரில் இலங்கையிலிருந்து கதைத்தது, சனிக்கிழமை பின்னேரம் துறைமுக விழாவில் வாசிக்கிறோம், வந்து நேரிலேயே கேளுங்கள்.

"உன்னை ஆர் எழுதச் சொன்னது?" தாரகன் தமிழிலேயே கத்திவிட்டான். பிறகு டெனிஷில் சொன்னான். மாஸ் திகைத்துப் போனான்.

"ஒருத்தரும் எங்கட அல்பத்தைக் கேட்கேல்ல. கேட்டது ஒரே ஒரு ஆள். அவரோடையும் நீ கதைக்க மாட்டாயா?"

சனிக்கிழமை போகாமல் விட்டுவிடலாமா என்று யோசித்துவிட்டுக் கடைசியில் தாரகன் விழாவுக்குப் போனான். பியர் குடித்துக்கொண்டும் சொசேஜ் தின்றுகொண்டும் கொஞ்சப் பேர் நின்றார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். தனியாக நின்ற ஒரு தாடிக்காரனை மூன்று பாட்டு முடியும்வரை கண்காணித்தான். அவனுடைய பிள்ளைகள் ஐஸ்கிறீமோடு ஓடி வந்ததும் விட்டுவிட்டான். நாலாவது பாட்டுக்குப் பதிவை ஒலிக்கவிட்டபோதுதான், மழைக்கோட்டுப் போட்ட ஒரு தமிழ்ப் பெண் மேடையைப் பார்க்காமல் நேரே ஒலிபெருக்கிக்குப் போனாள். அதன் கம்பி வலையில் கன்னம் படுமளவுக்குக் காதைக் கொடுத்து நின்றாள்.

முடிந்ததும் அவன் இறங்கிப் போனான்.

"நீங்கள்தான் எழுதினதோ? ஆர் உங்களை அனுப்பினது?"

"ஆரும் அனுப்பேல்லைத் தம்பி. நான் யசிந்தா. ஸ்கீவவிலையிருந்து வாறன்." ஸ்கீவ நகரத்தில் ஒரு வயோதிபர் இல்லத்தில் உடுப்புத் தோய்க்கும் பகுதியில் வேலை என்றாள். கூட வேலை செய்யும் டெனிஷ் பெட்டை ஒருத்தி வேலையிடத்தில் இந்தப் பாட்டைப் போட்டிருக்கிறாள். "பின்னுக்குக் கதைக்கிறது என்ரை தங்கச்சி அமலராணி."

"எப்பிடித் தெரியும்?"

"என்ரை தங்கச்சியின்ரை குரல் எனக்குத் தெரியாதோ?"

"பேர் போடாமல் ஏன் எழுதினீங்கள்?"

"நீர் ஆரெண்டு எனக்குத் தெரியாதே. நானும் பயந்தனான்தான்."

அவன் நம்பவும் இல்லை, நம்பாமல் விடவும் முடியவில்லை. முழுப் பதிவும் இருக்கிறதா என்று கேட்டாள். வீட்டுக்குக் கூட்டிப் போனான். யோகம்மா அவளைக் கதவடியிலேயே நிறுத்தி, எந்த ஊர், ஆரின் மகள், எந்தத் தேவாலயம் என்றெல்லாம் கேட்டுவிட்டுத்தான் உள்ளே விட்டாள். தன் தம்பியின் குரலை மகன் பாட்டில் போட்டிருக்கிறான் என்று யோகம்மாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

பாட்டில் இல்லாத மிச்சத்தைப் போட்டான். மாமா காய்ச்சல், மழை, அரிசி என்று கதைத்துக்கொண்டிருக்க, அந்தப் பெண் யாருக்கோ சொல்கிறாள்: "நானும் அக்காவுக்கு எடுக்கவேணும்."

யசிந்தா கதிரையின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"டிசம்பரிலை ஒருநாள் எனக்குத் தெரியாத நம்பரிலையிருந்து கோல் வந்திருந்தது. நான் வேலையிலை. ஃபோன் லொக்கருக்கை கிடந்தது" என்றாள்.

யோகம்மா தேத்தண்ணி போடப் போனாள். தாரகன் பதிவை ஒரு சீடியில் ஏற்றிக் கொடுத்தான். வெளிநாட்டில் அக்கா இருக்கும் பெண்கள் அந்த வரிசையில் எத்தனை பேர் நின்றிருப்பார்கள் என்று நினைத்தான்.

ஓகஸ்டில் மாமா, இராணுவம் காவல் நின்ற அகதி முகாமிலிருந்து கோல் எடுத்தார். அம்மா அழுது முடித்ததும் தாரகன் வாங்கி, அன்றைக்கு உங்களுக்குப் பின்னால் நின்ற பெண் யார் என்று கேட்டான்.

"ஏன் கேக்கிறாய்? ஃபோனிலை பேர் ஒண்டும் கேளாதை" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மார்கழியில், முகாமை விட்டு வந்த பிறகுதான் சொன்னார். "அவள் பக்கத்துக் கொட்டில் கமலாதேவி. தமக்கை கனடாவிலை. இவள் சாகேல்லை, இப்ப வவுனியாவிலை நிக்கிறாள்."

அமலராணி என்று ஒருத்தரையும் மாமாவுக்குத் தெரியாது.

"அந்த மனிசிக்குச் சொல்லாமல் விடு" என்றாள் யோகம்மா. தாரகனுக்கு அது சரியாகப் படவில்லை. இன்னொருத்தியின் குரலை யசிந்தா தினமும் கேட்டுக்கொண்டிருக்க, அது தெரிந்தும் தான் சும்மா இருப்பதா? ரயிலேறி ஸ்கீவவுக்குப் போனான்.

யசிந்தா அவனைச் சோபாவில் இருத்தி, சொன்னதையெல்லாம் குறுக்கிடாமல் கேட்டாள்.

"இதைச் சொல்லேக்கை மாமாவுக்குப் பக்கத்திலை ஆர் இருந்தவை?"

"தெரியாது அக்கா."

"ஃபோனிலை பேர் கேளாதை எண்டவர் இப்ப ஏன் பேர் சொல்லுறார்?"

"இப்ப முகாமை விட்டு வெளியிலை..."

"ஆர் உம்மை அனுப்பினது தம்பி?"

சத்தம் போட்டுக் கேட்கவில்லை. துறைமுகத்தில் தான் கேட்ட அதே கேள்வி என்று அவனுக்கு உறைத்தது. அன்றைக்கு அவள் சொன்ன பதிலையே சொன்னான்: ஆரும் அனுப்பேல்லை. அவள் தலையாட்டினாள். நம்பித்தான் தலையாட்டினாளா என்று தெரியவில்லை. கமலாதேவியோடு கதைக்க நம்பர் எடுத்துத் தரவா என்று கேட்டான்.

"வேண்டாம்" என்றாள் உடனே. எழும்பிப் போய்த் தேத்தண்ணியும் பணிஸும் கொண்டுவந்து வைத்தாள். பிறகு அவளே தொடங்கினாள்.

"உங்கட மற்றப் பாட்டுகளையும் கேட்டனான். முதல் ரெண்டும் எனக்குச் சரிவரேல்லை. ஏழாவது நல்லாயிருக்கு. ஆனா நீர் வாயைத் திறந்து பாடுறேல்லை. ஆருக்கோ பயந்தவன் மாதிரிப் பாடுறீர்."

அந்த அல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை கேட்டு ஒருவர் அவனுக்குச் சொன்ன அபிப்பிராயம் அது ஒன்றுதான். "ஓம் அக்கா" என்றான். ஏழாவது பாட்டு எழுதும்போது என்ன நினைத்தீர் என்று கேட்டாள். அவன் பணிஸைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினான்.