பேசாத கேபிள்

மழை ஓய்ந்த வாரத்தில் லாரி ஓட்டுநருக்கும் அவன் மனைவிக்கும் மணிக்கட்டில் கேபிள் சொருகும் துளை திறந்தது. வலியில்லை, ரத்தமில்லை. அவனுடையது பிரிண்டரின் முதுகில் இருக்குமே, அந்தச் சதுரம்; மேல் மூலைகள் இரண்டும் சீவியிருந்தன. அவளுடையது இப்போதைய போன்களுக்கு வரும் மெல்லிய நீள்வட்டம். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அந்த வீட்டில் பேச்சு வற்றிப் பல வருஷமாகியிருந்தது. சாவி எங்கே, சாப்பாடு இருக்கிறது, அவ்வளவுதான். துளை திறந்ததிலிருந்து இருவருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. தையல்காரியான அவள் தைத்த ரவிக்கையையே பிரித்துப் பிரித்துத் தைத்தாள். அவன் கழுவிய லாரியையே திரும்பக் கழுவினான். கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த அவள் தம்பி, ஒரு முனை சதுரமும் மறுமுனை நீள்வட்டமுமான கேபிள் கொண்டுவந்தான். சொருகியதும் கச்சிதமாகப் பொருந்தியது. அன்றிலிருந்து இருவருக்கும் பசியுமில்லை, தூக்கமுமில்லை. வீடு முழுக்க வெள்ளையடித்தார்கள், கட்டிலை அறைக்கு அறை மாற்றினார்கள். வாய் மட்டும் திறக்கவில்லை.

தம்பி வந்து பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டான். "தப்பு என்மேலதான்க்கா. இது வெறும் சார்ஜ் கேபிள். வெளிய பார்த்தா எல்லாம் ஒண்ணு போலதான் இருக்கும். இதுக்குள்ள கம்பி ரெண்டே ரெண்டு. தெம்பு ஏறும், தகவல் போகாது. மாமா, பையில இன்னொண்ணு இருக்கு, இதைக் கழட்டிட்டு அதைப் போடுங்க."

இரண்டாவது கேபிளும் அச்சாக அப்படியேதான் இருந்தது. சொருகிய மாத்திரத்தில் அவனுக்குத் தெரிந்துவிட்டது: பையைக் கட்டிக்கொண்டு அவள் மூன்று முறை பஸ் நிலையம் வரை போய்த் திரும்பியிருக்கிறாள். அவளுக்கும் தெரிந்தது: அந்த மூன்று முறையும் அவன் தெருமுனையில் லாரிக்குள் உட்கார்ந்து, அவள் வீடு திரும்பும்வரை ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருக்கிறான்.

அவள்தான் கேபிளைப் பிடுங்கினாள். "மீதியை வாயால சொல்லுங்க."

அவன் தொண்டையைச் செருமினான். "போயிடுவியோன்னு பயமா இருந்துச்சு."

"எனக்கும் அதே பயம்தான். போயிடுவேனோன்னு."

அதற்குப் பிறகும் அவள் ஒருமுறை பஸ் நிலையம் வரை போனாள். இந்தத் தடவை சொல்லிவிட்டுப் போனாள். போனவள் அக்கா வீட்டில் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தாள். துளைகள் மூடவில்லை. தூசி அடைத்தால் ஒருவர் கையை ஒருவர் பிடித்து ஊதிவிடுவதோடு சரி.