பேய்களுக்கும் கதவு திறப்பவன்

சமையலறையில் நின்றபடியே படித்துக்கொண்டிருந்த நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். கூடத்தில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த கணவர் திரும்பி, "என்ன?" என்றார்.

"கதைப் புத்தகம். ஒருத்தன் டவுன் பஸ் ஓட்டுறான். அதுல பேய்ங்களும் ஏறுது."

"டிக்கெட் எடுக்குதா?"

"எடுக்குது. சில்லறைதான் இருக்க மாட்டேங்குது."

அவர் உதட்டோரம் லேசாக அசைந்தது. எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு பார்த்த அசைவு. எனக்கு அடுப்பை அணைக்கவே மறந்துபோயிற்று.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். புதுக் கண்ணாடி வாங்க வந்த ஒரு பெண், எழுத்து தெளிவாகத் தெரிகிறதா என்று பார்க்கப் பையிலிருந்து இந்தப் புத்தகத்தை எடுத்துப் பிரித்தாள். தெரிந்த சந்தோஷத்தில் அதை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். தேடி வருவாள் என்று வைத்திருந்தேன். வரவில்லை. சாப்பாட்டு வேளையில் சும்மா புரட்டியவள் மாட்டிக்கொண்டேன். கதையை அந்த ஓட்டுநரே நம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதுபோல் சொல்கிறான். தொடைநடுங்கி; அதை ஒளிக்கவும் மாட்டான். சதா புலம்புவான். ஆனால் செத்த பிறகும் ஆபீசுக்கு நேரமாகிவிட்டதென்று பதறும் குமாஸ்தாவைக்கூட நிறுத்தத்தில் விட்டுவிட்டுப் போக அவனுக்கு மனம் வராது.

என் கணவரும் பஸ் ஓட்டுபவர்தான். ஒரு நண்பகலில் யாரோ குறுக்கே வந்ததாகப் பார்த்து பிரேக்கை மிதித்தார். உள்ளே நின்றிருந்த பெண் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. சாலையில் யாருமே இல்லை. அந்தப் பெண் தேறிவிட்டாள். விசாரணையில் இவர்மேல் தப்பில்லை என்றார்கள். இவர்தான் தேறவில்லை; தன் கண்ணையே நம்பாமல் வேலைக்குப் போவதை விட்டுவிட்டார். கடையில் உட்காரவைத்து நானே சோதித்தேன். கடைசி வரியின் பொடி எழுத்து வரை கடகடவென்று படித்தார்.

"படிச்சா போதுமா? இல்லாத ஆளைப் பார்த்த கண்ணு இது" என்று எழுந்துகொண்டார்.

வரும் திங்கட்கிழமை வேலைக்கு வராவிட்டால் பணிமனையில் பஸ் கழுவும் பிரிவுக்கு மாற்றிவிடுவதாகச் சொல்லியனுப்பியிருந்தார்கள். ஸ்டீயரிங்கை விட்டால் இந்த மனுஷன் ஒடுங்கிப்போவார் என்று எனக்குத் தெரியும்.

அந்த உதட்டசைவைப் பார்த்த நாளிலிருந்து சாயங்காலங்களில் அவருக்குப் படித்துக்காட்டினேன்.

"இறக்கத்துல எவனாவது இந்த கியர்ல வருவானா? உன் ஆளுக்கு யாரு லைசென்ஸ் குடுத்தது?" என்பார். நான் புத்தகத்தை மூடப்போனால், "சரி சரி, மேல படி" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை வந்த அத்தியாயத்தை நான் முன்கூட்டிப் படித்திருக்கவில்லை. அதில் வேலைக்குப் புதிதாய்ச் சேர்ந்தவன் கேட்கிறான், யாரோ வந்ததாக நினைத்து பிரேக் போட்டு, அங்கே யாருமே இல்லாவிட்டால்? நிறுத்தினால் இன்னும் மோசம் என்று வேகமாக அடுத்த வரிக்குப் போனேன். நம் ஓட்டுநர் சொல்கிறான்: "கண்ணுல பட்டா பிரேக் போடு. ஆளா ஆவியான்னு அப்புறம் விசாரிச்சுக்கலாம்."

அவர் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதை இன்னொரு தடவை படி."

படித்தேன்.

"உன் ஆளு பரவாயில்ல" என்றார். எழுந்து உட்கார்ந்து, "என் காக்கிச் சட்டை எங்க இருக்கு?" என்றார்.

திங்கட்கிழமை முதல் நடையில் நானும் ஏறிக்கொண்டேன். முன் இருக்கையில் உட்கார்ந்து பக்கத்தில் பையை வைத்தேன். தோள்கள் காதைத் தொடுமளவு விறைத்திருக்க, முட்டையை ஏற்றிப் போகிறவர்போல ஓட்டினார். பாலம் தாண்டி ஒரு நிறுத்தம். யாரும் மணியடிக்கவில்லை, கீழே ஒரு ஈ காக்கை இல்லை. பஸ் நின்றது. கதவு திறந்தது.

"யாருக்காக நிக்கிறீங்க?" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

இவர் திடுக்கிட்டார். வேண்டுமென்று நிறுத்தவில்லை, இத்தனை நாளாய்ப் புத்தகத்துக்குள்ளேயே ஓட்டிப் பழகிய கை. கண்ணாடியில் என்னைத் தேடினார். நான் சிரித்துவிட்டேன். விறைத்த தோள்கள் மெல்ல இறங்கின.

அந்தக் கண்ணாடிக்காரப் பெண் எங்கிருந்தாலும் நன்றாயிருக்கட்டும். பிறக்கவே பிறக்காத அந்த ஓட்டுநரும் நன்றாயிருக்கட்டும்.

"ஏறியாச்சு, ஏறியாச்சு. போலாம்" என்றபடி அவர் கதவை மூடினார்.

நான் பக்கத்து இருக்கையிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலோரமாகக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தேன்.