சகலையின் பம்பரில் மூன்று கடுகு

1

இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன். சாம்பசிவம், காரின் முன்பக்கம், தரையில் சம்மணம் போட்டு. அவர் மனைவி உஷா, மாடிப்படியின் கடைசிப் படியில். எதிர்வீட்டுத் தங்கம், தன் ஸ்கூட்டரின் மேல், ஒருக்களித்து. நான், கவிழ்த்த பக்கெட்டின் மேல், எழுதும் அட்டையோடு. இடம்: செகந்திராபாத்தை அடுத்த மௌலா அலி, எங்கள் குடியிருப்பின் கார் நிறுத்துமிடம். காரின் சொந்தக்காரர் கிருஷ்ணகுமார் அங்கே இல்லை. உஷாவின் அக்கா வீட்டுக்காரர், அதாவது சாம்பசிவத்துக்குச் சகலை. மகளின் பிரசவத்துக்காகச் சென்னையில் இருக்கிறார்.

கதை இப்படி ஆரம்பிக்கக் கூடாது என்று எனக்கும் தெரியும். துறையூர்ப் பள்ளியில் கடிதம் எழுதத்தான் ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்தார்கள். இடம், நாள், விளி, பொருள். கதை நானாகக் கற்றது, அதனால்தான் இந்த லட்சணம். இதுவும் கதையாகப் பிறக்கவில்லை. சாம்பசிவம் என்னிடம் கேட்டது ஒரு கடிதம்.

"சார், நீங்க கதை எழுதறவரு. சகலைக்கு நம்பற மாதிரி ஏதாவது சொல்லி ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க."

(போனில் சொல்லிவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். கிருஷ்ணகுமார் போனில் யாரையும் ஒரு வாக்கியம் முடிக்க விட்டதில்லை. கல்யாணமான நாளிலிருந்து சாம்பசிவம் அவரிடம் பேசியதெல்லாம் பாதிப் பாதி வாக்கியங்கள்.)

2

அந்த மனிதர் முதல்முறையாகச் சாம்பசிவத்தை நம்பி ஒரு பொருளைக் கொடுத்துவிட்டுப் போனார். "வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி வைங்க, போதும். ஓட்ட வேண்டாம்."

சாம்பசிவம் ஓட்டவில்லை. வெயில் படுகிறதே, பெயின்ட் வெளுத்துவிடுமே என்று நிழலுக்கு நகர்த்தினார். நிழலில் ஒரு தூண் இருந்தது.

முன் பம்பரில் மூன்று இடத்தில் பெயின்ட் பெயர்ந்தது. மூன்றும் கடுகளவு. ('மிளகளவு' என்றுதான் முதலில் எழுதினேன். சாம்பசிவம் அடிக்கச் சொன்னார்.)

சகலை பார்த்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. "நான்தான் அப்பவே சொன்னேன்ல" என்பார். அதையே இனி ஒவ்வொரு விசேஷத்திலும் பந்தியில் உட்கார்ந்து சொல்வார், இலை எடுக்கிறவரைக்கும். அப்புறம் எந்தக் காலத்திலும் சாம்பசிவத்தை நம்பி ஒரு குடையைக்கூடக் கொடுக்க மாட்டார்.

3

சாம்பசிவம் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டார். கழுவு, துடை, உப்புத்தாளால் மெதுவாகத் தேய், பெயின்ட்டைத் தொட்டு வை, காயவிடு. தேய்ப்பதுவரை முடித்தும்விட்டார். பெயின்ட்தான் இல்லை. அந்த நேரம் தங்கம் செகந்திராபாத் கடைவீதிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

இங்கே ஒரு சொல்லை விளக்கியாக வேண்டும். தங்கத்தின் குடும்பம் வெள்ளைக்காரன் காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்தது. அவர்கள் தமிழில் 'ஏன்' வர வேண்டிய இடத்தில் சில சமயம் 'கைக்கு' வந்து விழும். இந்த ஊர் உருது அது. சாம்பசிவம் இங்கே மாற்றலாகி வந்து இன்னும் வருஷம் ஆகவில்லை.

"அக்கா, வர்றப்ப சின்ன பாட்டில்ல வெள்ளை பெயின்ட் வாங்கிட்டு வர்றீங்களா? பளபளன்னு இருக்கணும்."

"வெள்ளை பெயின்ட்டா? கைக்கு?"

"ஆமாக்கா, கைக்குத்தான். ஸ்ப்ரே வேண்டாம்."

ஏன் என்று கேட்டவருக்குக் கைக்கு என்று பதில் வந்தது. தங்கம் அவரைப் பார்த்தார். மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த உஷாவைப் பார்த்தார். "ஹவ் ஹவ், ஆமா, புரிஞ்சுது அண்ணா" என்று சிரித்துக்கொண்டே போனார். வாங்கி வந்தது முத்து வெள்ளையில் நெயில் பாலிஷ்.

சாம்பசிவம் மூடியைத் திருகிப் பார்த்து, "அட, பிரஷ்ஷோடயே வருதே!" என்று சந்தோஷமாக

[இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.]

4

மறுநாள் வெயிலில் மூன்று இடமும் இளஞ்சிவப்பாக மினுங்கின. உஷா ரிமூவர் எடுக்க ஓடினார்.

"நக்கோ! நக்கோ!"* என்று கத்தினார் தங்கம். "கார் பெயின்ட்டும் சேந்து வந்துடும்!"

*'வேண்டாம்' என்று பொருள். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வருகிறவர்கள் இதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

சாம்பசிவம் மறுபடி உப்புத்தாளை எடுத்தார். மினுக்கம் போகவில்லை, கடுகு துவரையானது. பெயின்டரிடம் விட்டுவிடலாமே என்றேன்.

"அவரைக் கேக்காம அவர் வண்டிக்குப் பெயின்ட் அடிக்கிறதா? தப்பு சார்."

நெயில் பாலிஷ் அடித்த மனிதர் சொல்கிறார்.

5

அப்போதுதான் பக்கெட்டைக் கவிழ்த்து உட்கார்ந்தேன்.

முதல் ஆரம்பம்: 'அன்புள்ள சகலைக்கு, சென்ற செவ்வாயன்று ஓர் எருமை'

"கேட்டுக்குள்ள எருமை கைக்கு வருது?" என்றார் தங்கம்.

இரண்டாவது: 'முன்னால் போன லாரியின் சக்கரத்திலிருந்து ஒரு கல்'

"ஓட்டாத வண்டிக்கு முன்னால லாரி எப்படி சார் போகும்?" என்றார் உஷா.

மூன்றாவதாக நடந்ததை நடந்தபடி எழுதிப் படித்தேன்.

"இதைத்தான் நம்பவே மாட்டாரு," என்றார் உஷா. "இதுக்கு எருமையே தேவலை."

நம்பும்படி செய்ய வேண்டுமே என்றுதான் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதிலிருந்து தொடங்கி இவ்வளவும் எழுதினேன். சாம்பசிவம் வாங்கி, ஒவ்வொரு தாளாகப் படித்தார்.

"இதையே அனுப்பிடலாம் சார்."

"இது கதைங்க. லெட்டர் இல்ல."

"கதைன்னா கடைசியில என்ன ஆச்சுன்னு படிப்பாரு. லெட்டர்னா ரெண்டாவது வரியிலயே போன் பண்ணிடுவாரு."

6

ஆகவே, கிருஷ்ணகுமார் சார், வணக்கம். மேலே 'நீங்கள்' என்று எழுதியதெல்லாம் தங்களைத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"ஐயோ, அந்த போன் விஷயத்தை மட்டும் அடிச்சிடுங்க சார்," என்கிறார் உஷா. "அக்கா படிச்சா என்ன நினைப்பா?"

"இருக்கட்டும்," என்கிறார் சாம்பசிவம். அவர் உஷாவை மறுத்து நான் கேட்டதில்லை.

முடிவு இரண்டு தயாராக வைத்திருந்தேன். ஒன்றில் தாங்கள் பம்பரைப் பார்த்துக் கத்துகிறீர்கள். இன்னொன்றில் தங்களுக்குச் சிரித்துப் புரையேறி, சாம்பசிவம் தங்கள் தலையில் தட்டிவிடுகிறார். இரண்டாவது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. சாம்பசிவம் என் பேனாவை வாங்கி இரண்டையும் குறுக்கே அடித்துவிட்டார்.

"அவர் என்ன சொல்வாருன்னு நாம எழுதக் கூடாது சார். அவரே சொல்லட்டும்."

கூரியர் கடை மூடப் போகிறது. உஷா கவரில் பசை தடவிவிட்டார். "போதும் சார், குடுங்க" என்று சாம்பசிவம் தாளின் மறுமுனையைப் பிடித்து இழுக்கிறார். இப்படிக்கு,

[நகலில் மட்டும்: கவரை ஒட்டியது சாம்பசிவம்தான். ஒட்டிய இடத்தை உள்ளங்கையால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். தங்கத்திடம் கொடுத்தார், மனசு மாறித் திரும்ப வாங்கிக்கொண்டு, தானே ஸ்கூட்டரின் பின்னால் ஏறி உட்கார்ந்தார். "மெதுவாப் போங்கக்கா," என்றார். தங்கம் மெதுவாகப் போகவில்லை.]