தம்பிக்குப் பார்க்க வந்தவர்

சாகப் போகிறவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்று செங்கம் சாலைப் பக்கம் இருக்கிறது என்பது மணிவேலுக்கு மச்சான் வல்லரசு மூலம்தான் தெரியவந்தது. வல்லரசு அதை அவனிடம் சொல்லவில்லை. மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் நின்று போனில் யாரிடமோ, "எங்க மாமாவுக்குத்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். வல்லரசுக்கு இருப்பது ஒரே ஒரு மாமா.

அதற்கு முன்பே மணிவேலுக்கு விஷயம் தெரியும். வேலூரில் ஸ்கேன் எடுத்த அன்று டாக்டர் அவனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு மனைவி அருணாதேவியை மட்டும் உள்ளே கூப்பிட்டார். வெளியே வந்தவள், "அல்சராம், காரம் தொடக்கூடாதாம்" என்றாள். மறுநாள் மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு போய் கீழ்பென்னாத்தூர் மெடிக்கல் கடையில் காட்டினான். கடைக்காரர் அட்டையைப் பார்த்தார். அப்புறம் அவன் முகத்தைப் பார்க்காமல், "யாருக்குண்ணா?" என்றார். அந்தக் கேள்வியே போதுமானதாக இருந்தது. வருஷக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லாத வல்லரசு ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்து நின்றபோது மிச்சமிருந்த சந்தேகமும் போய்விட்டது.

வீட்டில் அவனும் அல்சர் என்றே சொல்லிவந்தான். தாளித்த மிளகாயைத் தட்டோரம் ஒதுக்கிவைத்தான். ஆளாளுக்கு நடித்ததில் வீடு ரொம்ப மரியாதையான இடமாகிவிட்டது. ராத்திரி விளக்கை அணைக்க மட்டும் அவன் விடுவதில்லை. ஏன் என்று அருணாதேவி ஒருநாளும் கேட்கவில்லை.

சாவை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. நினைக்கப் போனால் மனசு வேறு பக்கம் ஓடிவிடும். நினைக்க முடிந்தது அதற்கு முந்தைய பகுதியைத்தான். ஒரு கட்டிலில் கிடப்பான். சுற்றி நிற்கிறவர்களுக்கெல்லாம் தெரிந்திருக்கும். எனக்கு என்ன ஆகிறது என்று கேட்பான். எல்லோரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால் அவனுக்கு வேர்த்துக் கொட்டியது. அந்த இடத்தில் கேட்டால் சொல்லுவார்களா, மாட்டார்களா? அதை மட்டும் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று முடிவு செய்தான்.

பழைய டிராக்டர் வாங்கி விற்கும் புரோக்கர் அவன். வண்டி பார்க்கப் போவதாக ஒருநாளும் முன்கூட்டிச் சொல்லமாட்டான். சொன்னால் விற்கிறவன் எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி வைத்துவிடுவான். சூடான எஞ்சின் ஒரே சாவியில் கிளம்பும், கோளாறு தெரியாது. எப்போதும், "எனக்கில்லீங்க, தம்பிக்கு" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பான். அவனுக்குத் தம்பி கிடையாது.

அடி அண்ணாமலையில் ஒரு வண்டி இருக்கிறது, பார்த்துவிட்டு வருகிறேன் என்று அருணாதேவியிடம் சொல்லிவிட்டு காலை பஸ்ஸில் ஏறினான்.

வெள்ளைக்காரர்கள் தங்கிக்கொண்டிருந்த பழைய விடுதி ஒன்றைத்தான் இல்லமாக மாற்றியிருந்தார்கள். 'துணை இல்லம்' என்று பலகை. என்ன இல்லம் என்று பலகையில் இல்லை. கேட்டுக்கு வெளியே நின்று இரண்டு தடவை திரும்பிப் போய்விடப் பார்த்தான். எதிர்க் காபிக்கடையில் ஒருத்தி கண்ணை மூடித் தியானத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளைத் தாண்டிப் போக வெட்கமாக இருந்ததால் உள்ளே போனான்.

மேனேஜர் சக்கரபாணி கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நல்ல பேச்சுக்காரர்.

"வாங்க சார். யாருக்கு?"

"எனக்கில்லீங்க. தம்பிக்கு."

"என்ன கம்ப்ளெயிண்ட்?"

"கணையத்துல. பரவிடுச்சுன்றாங்க."

வல்லரசு போனில் சொல்லக் கேட்ட அந்த வார்த்தையை அவன் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. யாரோ சொன்னதுபோல் காதில் விழுந்தது.

"பேஷண்டுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"ரொம்ப நல்லது" என்றார் சக்கரபாணி, பாதி வேலை முடிந்துவிட்ட மாதிரி. "அதை நாங்க பாத்துக்குறோம் சார். இங்க அந்தப் பேரே எடுக்கமாட்டோம். கட்டின்னுகூட சொல்லமாட்டோம். புண்ணு, ஆறிடும், அவ்வளவுதான். கூட்டிப் பெருக்கறவங்க வரைக்கும் சொல்லி வெச்சிருக்கு."

மணிவேல் தலையாட்டினான். 

சக்கரபாணி காட்டியதை அவன் பார்க்கவில்லை. காட்டாததைப் பார்த்தான். மெத்தையின் ஓரத்தைத் தூக்கி அடியில் ஈரம் இருக்கிறதா என்று தடவினான். கக்கூஸுக்குள் போய் உட்காரும் இடத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தான். படுத்தே கிடக்கும் மாட்டுக்கு இடுப்பெலும்பில் புண் வரும். மனுஷனுக்கு எங்கே வரும் என்று யோசித்து, போர்வைக்கு வெளியே தெரிந்த குதிகால்களைப் பார்த்தான். எல்லாம் சுத்தமாக இருந்தன. நகங்களை வெட்டியிருந்தார்கள். நாற்றம் என்பதே இல்லை. குறை கிடைக்காத வண்டியைப் பார்த்தால் அவனுக்கு எப்போதும் கலக்கம்தான். இங்கேயும் அதேதான்.

"உங்க ஊர் எது சார்?"

"கீழ்பென்னாத்தூர்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டான்.

"அட. போன வாரம் உங்க ஊர் அம்மா ஒருத்தங்க வந்தாங்க. வீட்டுக்காரருக்கு. அவருக்கும் கணையம்தான். டிராக்டர் புரோக்கராம். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணுமே?"

"தெரியாதுங்க. எங்க ஊர்ல தடுக்கி விழுந்தா புரோக்கர்தான்."

சக்கரபாணி சிரித்தார். ஜன்னலோரம் காலியாக இருந்த கட்டிலைக் காட்டினார். "இதுதான் அவருக்குனு சொல்லி வெச்சிருக்காங்க. அந்தம்மா மாதிரி நான் பாத்ததில்ல சார். வர்றவங்க டாக்டர் யாரு, சாப்பாடு என்னன்னு கேப்பாங்க. இவங்க, 'படுத்துப் பாக்கலாமா'ன்னாங்க. செருப்பைக் கழட்டிட்டு, புடவையை இழுத்துவிட்டுக்கிட்டு படுத்துட்டாங்க. கண்ணை மூடிக்கிட்டு அசையாம. நாங்களே பயந்துட்டோம். அப்புறம் எழுந்து ஒரே கேள்வி. 'கடைசியில கத்துவாரா?'"

மணிவேல் கட்டிலைப் பார்த்தான். நீல விரிப்பு. தலையணை நடுவில் குழி இல்லை, உப்பியிருந்தது. ஆஸ்பத்திரி, வியாதி, நாள் நட்சத்திரம் எல்லாம் இவ்வளவு நாளாக எங்கேயோ இருந்தன. கட்டில் எதிரிலேயே இருந்தது. கம்பியைத் தொட்டால் குளிரும்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கத்தமாட்டாரும்மா, தூங்கற மாதிரி போயிடுவாருன்னேன். வேற என்ன சொல்றது? உங்க தம்பியும் அப்படித்தான் சார். கவலைய விடுங்க."

அடுத்த கட்டிலில் ஒரு பெரியவர் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். இராமலிங்கம் என்று சக்கரபாணி அறிமுகப்படுத்தினார். கழுத்துக்குக் கீழே எலும்பு மட்டும்தான் மிச்சமிருந்தது.

"என்ன பெரியவரே, தேறிட்டீங்க. கார்த்திகை தீபம் முடிஞ்சதும் வீட்டுக்குக் கிளம்பிட வேண்டியதுதான்."

"உங்க புண்ணியம் சார்" என்றார் இராமலிங்கம்.

அவர் தலைக்கு மேலாகச் சக்கரபாணி மணிவேலைப் பார்த்துக் கண்ணடித்தார். பார்த்தாயா, இப்படித்தான் பார்த்துக்கொள்வோம் என்கிற கண். மணிவேலுக்கு அந்தக் கண் நன்றாகத் தெரியும். வாங்க வந்தவன் குனிந்து சக்கரத்தைப் பார்க்கும்போது அவன் முதுகுக்கு மேலே விற்கிறவனுக்குப் புரோக்கர் அடிக்கிற கண் அது. காலமெல்லாம் அவன் அடித்த கண். இன்னும் கொஞ்ச நாளில் இதே கட்டில் வரிசையில் அவன் கஞ்சி குடித்துக்கொண்டிருப்பான். அவன் தலைக்கு மேலே இது போகும். அந்தப் பக்கம் அருணாதேவி நிற்பாள்.

ஆபீஸில் போன் அடித்தது. சக்கரபாணி போனார்.

இராமலிங்கம் கஞ்சி டம்ளரைக் கீழே வைத்தார். "யாருக்குத் தம்பி பாக்க வந்தே?"

"தம்பிக்கு."

"நல்லா பாத்துக்குவாங்க. நல்ல பசங்க." வாயைத் துடைத்துக்கொண்டார். "அவரு தினம் சொல்றாரு, வீட்டுக்கு அனுப்பறேன்னு. எந்த வீட்டுக்கு? என் ரூமை இடிச்சிட்டு கார் நிறுத்த ஷெட் போட்டாச்சு. மருமக போன்ல பேசறது கேட்டுச்சு."

"அப்ப நீங்க அவருகிட்டச் சொல்றதுதானே?"

"சொன்னா அவரு மூஞ்சி சின்னதாயிடும். நர்ஸு பொண்ணுங்க அழும். பையன் வர்றதை நிறுத்திடுவான். எனக்குத் தெரியும்னு தெரிஞ்சிட்டா யாரு கிட்ட வருவா?" அவர் கொஞ்சம் மூச்சு வாங்கினார். "ராத்திரிதான் கொஞ்சம் கஷ்டம். பேச ஆளில்ல. விடு, பழகிடும்."

 தெரியாமல் கிடப்பதற்குத்தான் மணிவேல் இவ்வளவு நாள் பயந்துகொண்டிருந்தான். தெரிந்துகொண்டே, கடைசி மூச்சு வரை, சுற்றி நிற்கிறவர்கள் மனசு கோணாமல் நடித்துக்கொண்டு கிடப்பது என்று ஒன்று இருப்பதை அவன் யோசித்திருக்கவில்லை. யோசித்துப் பார்த்தால் வீட்டில் அவன் செய்துகொண்டிருப்பதும் அதேதான்.

வலி வந்தது. வராந்தாவில் கிடந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தான். மருந்துத் தட்டோடு வந்த நர்ஸ் நின்றாள். கஸ்தூரி என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது. நாற்பதைத் தாண்டியவள். முகத்தில் சிரிப்பே இல்லை. அது அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

"தம்பிக்குன்னு வந்தவரா நீங்க? அவருக்கு வலி எப்ப ஜாஸ்தி ஆகுது?"

"சாப்பிட்டதும். முதுகு வரைக்கும் போகும்."

"எப்படி இருந்தா கம்மியாகுது?"

"முன்னால குனிஞ்சி உக்காந்தா."

சொல்லிவிட்டுத்தான் கவனித்தான். அவன் அப்படித்தான் உட்கார்ந்திருந்தான். கஸ்தூரி அவன் இடுப்பைப் பார்த்தாள். பெல்ட்டில் ஆணியால் குத்திய புது ஓட்டைகள் வரிசையாக இருந்தன. அவள் தட்டை ஜன்னல் மேடையில் வைத்தாள்.

"ஒண்ணு கேக்கலாமா சிஸ்டர்?" என்றான்.  "பேஷண்டே உங்களைக் கேட்டா, எனக்கு என்ன ஆகப்போவுதுன்னு... என்ன சொல்லுவீங்க?"

"சார் சொல்லச் சொன்னதைச் சொல்லணும். புண்ணு, ஆறிடும்."

"நீங்க?"

"கேட்டா சொல்லுவேன். ரெண்டு தடவை கேக்கணும். மொதத் தடவை கேக்கறவங்க பாதிப் பேரு இல்லன்னு சொல்லணும்னுதான் கேக்கறாங்க."

எதிர்க் காபிக்கடையில் தியானத்தில் இருந்தவள் எழுந்து போயிருந்தாள். சாலையில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. ஓடிப் போய் அதில் ஏறிவிடலாம் என்று தோன்றியது. போகவில்லை.

"நான் செத்துடுவேனா?" என்றான்.

அவள் ஜன்னல் மேடையிலிருந்த தட்டைச் சரிசெய்தாள்.

"நான் செத்துடுவேனா சிஸ்டர்?"

"ஆமாண்ணா."

அவள் குரலைத் தாழ்த்தவில்லை, தோளைத் தொடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள், அவ்வளவுதான்.

"பொங்கல் பாப்பேனா?"

"நான் டாக்டர் இல்ல. உங்க பேப்பரையும் பாக்கல. பாத்த வரைக்கும்னா, தீபம் பாப்பீங்க. பொங்கல் எனக்குச் சொல்ல வரல."

"கத்துவேனா?"

"மார்ஃபின் இருக்கு. பெரும்பாலும் அடக்கிடலாம். சில பேருக்கு முழுசா அடங்கறதில்ல. அப்ப நான் கூட இருப்பேன். இல்லைன்னா இன்னொருத்தி இருப்பா. அதுக்கு மேல சொன்னா அது பொய்."

இந்த ஒரு பதிலுக்காகத்தான் வந்தான். கிடைத்துவிட்டால் மனசு லேசாகும் என்று நினைத்திருந்தான். லேசாகவில்லை.  சக்கரபாணி திரும்பி வந்து, தூங்கற மாதிரி போயிடுவீங்க என்று இன்னொரு தடவை சொன்னால் தேவலாம் போலிருந்தது.

"நாளைக்கு நான் கேட்டா, மாத்திச் சொல்லுங்க" என்றான்.

"சொல்றேன். ஆனா நீங்க நம்பமாட்டீங்க." அவள் முதல் தடவையாகக் கொஞ்சம் சிரித்தாள். உடனே நிறுத்திக்கொண்டாள். "கீழ்பென்னாத்தூர்னு சார் சொன்னாரு. அந்தம்மா உங்க வீட்டம்மாதானே? கட்டில்ல படுத்தவங்க."

அவன் தலையாட்டினான்.

"உங்களுக்குத் தெரியும்னு அவங்களுக்குத் தெரியாது."

"தெரியாது."

"அப்ப இங்க சேராதீங்கண்ணா. உங்ககிட்ட ஒண்ணு, அவங்க வந்தா ஒண்ணுன்னு என்னால பேச முடியாது. ஏற்கெனவே இங்க நிறைய பேருக்கு அப்படிப் பேசிக்கிட்டிருக்கேன். வீட்டுக்குப் போனா சோறு எறங்கல. அவங்ககிட்ட சொல்லிட்டு வாங்க. சார்கிட்ட நான் பேசிக்கிறேன். திட்டுவாரு, திட்டட்டும்."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மணிவேல் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சாகப் போவதை ஒரு முன்பின் தெரியாத பெண்ணிடம் இரண்டு தடவை கேட்க முடிந்தது. பெண்டாட்டி பெயரை அழுத்த முடியவில்லை. சொல்லிவிட்டால் அவளும் அல்சர் என்று சொல்லமாட்டாள். உலகத்தில் அதைச் சொல்ல யாருமே மிஞ்சமாட்டார்கள். சொல்லாவிட்டால், உள்ளே ஒருவர் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறார்.

அழுத்தினான்.

"வண்டி எப்படி இருக்கு?" என்றாள் அருணாதேவி. "பாத்து முடிச்சிட்டீங்களா? வெயில்ல நிக்காதீங்க."

"வண்டி பாக்கப் போகல."

"பின்ன?"

"செங்கம் ரோட்டுல இருக்கேன். போன வாரம் நீ வந்த இடத்துல."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. அடித்து ஓய்ந்தது. 

"அல்சருக்கு யாரும் கட்டில்ல படுத்துப் பாக்கமாட்டாங்க அருணா."

இன்னொரு விசில். யாரும் அடுப்பிடம் போகவில்லை.

"எப்பத்துலருந்து தெரியும்?" என்றாள்.

"மாத்திரை வாங்கினதுக்கு மறுநாளே."

"அடப்பாவி" என்றாள். இத்தனை வருஷத்தில் அவனை அவள் அப்படிச் சொன்னதில்லை. "தெனம் மிளகாயை ஒதுக்கி ஒதுக்கி வெச்சியே." குரல் உடைந்து, திரும்பச் சேர்ந்தது. "படுத்தப்போ எனக்குப் பயமா இருந்துச்சி. எழுந்திரிக்க வரல."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு."

"ரொம்பவா?"

"ரொம்ப."

குக்கர் விடாமல் அடித்தது.

"மொதல்ல அடுப்பை அணை" என்றான். "அணைச்சிட்டு பஸ் ஏறி வா."

"போனை வெச்சிடாதீங்க" என்றாள்.

அவள் நடந்து போகும் சத்தம் கேட்டது. விசில் நின்றது. பீரோ திறந்தது, சாவிக்கொத்து குலுங்கியது, கதவு இழுபட்டது. அவன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு ஒவ்வொன்றையும் கேட்டான்.  தெருவில் யாரோ, எங்கே கிளம்பிட்டே என்று அவளைக் கேட்டார்கள்.

"அவருகிட்ட" என்றாள் அருணாதேவி.