வகுபடாத நாற்காலிகள்

மார்ச் 14, காலை பத்தரை மணி, மாநகராட்சி அலுவலகம், இரண்டாம் மாடி. பூங்காத் திறப்பு விழாக் கோப்பில் நாற்காலிகளின் எண்ணிக்கை 10,007 என்று பதிவானது.

பக்கத்து ஊர் தன் விழாவில் பத்தாயிரம் போட்டிருந்தது. நூறுக்கு நூறு, சதுரமாக. மேலிருந்து எடுத்த படம் எல்லாச் செய்தித்தாள்களிலும் வந்தது. அதைத் தாண்ட வேண்டும் என்றார் மேயர். அவர் வீட்டில் ஏழு பேர்; பத்தாயிரத்தோடு ஏழு சேர்த்தார். எல்லா வரிசையும் ஒரே அளவாக இருக்க வேண்டும், ஒரு நாற்காலிகூட மிஞ்சக் கூடாது என்பதும் அவர் உத்தரவு. 10,007 என்று சுவரொட்டியும் அச்சாகிவிட்டது.

வகுக்கும் வேலை புள்ளிவிவரப் பிரிவு எழுத்தரிடம் வந்தது. அவளுடைய தகுதிகாண் பருவம் அந்த மாதத்தோடு முடிகிறது. அவளை நிரந்தரமாக்கும் கோப்பு ஆணையரின் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

"வகுபடாது சார்," என்றாள் ஆணையரிடம். "இது பகா எண். ஒண்ணாலயும் தன்னாலயும் மட்டும்தான் வகுபடும்."

"யாரும்மா அப்படி வச்சது?"

"யாரும் வைக்கல சார். அது அப்படித்தான்."

"போன வருஷம் வகுபட்டுச்சே."

"போன வருஷம் ஒன்பதாயிரம் சார்."

"ஏழு கூடினதுக்கா இவ்வளவு வீம்பு? முயற்சி பண்ணும்மா."

நூறுக்குள் இருக்கும் இருபத்தைந்து பகா எண்களாலும் வகுத்தாள். அதற்கு மேல் பார்க்கத் தேவையில்லை. மேயருக்காக எந்த எண்ணும் வளைந்து கொடுக்கவில்லை.

"இருபத்துமூணு வரிசை போட்டா ரெண்டே ரெண்டுதான் சார் மிஞ்சுது."

"யாரை எழுப்பிவிடச் சொல்ற? மேயரோட மாமியாரையா?"

"அந்த ஏழு பேரை மேடையில உக்கார வச்சா, நூறுக்கு நூறு சரியா வந்துடும்."

"அவங்க மக்களோட மக்களா உக்காரணும்னு ஆசைப்படறாங்க. முன்னாடி."

கதவருகே நின்ற நாற்காலி ஒப்பந்தக்காரர் பொறுமை இழந்தார். "தங்கச்சி, நான் நாற்காலியை அடுக்கறதா, நீ சொல்ற மீதியை அடுக்கறதா? லாரியெல்லாம் வெயில்ல நிக்குது."

ஆணையர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒண்ணால வகுபடும்னியே, மீதி வருமா?"

"வராது சார். ஆனா அது ஒரே வரிசை."

"எல்லா வரிசையும் ஒரே அளவா இருக்குமா?"

"இருக்கறதே ஒண்ணுதான் சார்."

"பாத்தியா, முயற்சி பண்ணா வருது."

மார்ச் 20 அன்று பூங்கா வாசலில் தொடங்கிப் புறவழிச்சாலையில் ஐந்து கிலோமீட்டருக்கு ஒரே வரிசை போடப்பட்டது. முதல் ஏழு நாற்காலிகளில் மேயர் குடும்பம் அமர்ந்தது. அவர் பேச்சு இருநூறாவது நாற்காலி வரை கேட்டது. கடைசி நானூறு நாற்காலிகள் பக்கத்து ஊரின் எல்லைக்குள் இருந்ததால் கணக்கில் சேரவில்லை. ஏற்கப்பட்ட எண்ணிக்கை 9,607.

எழுத்தரின் தகுதிகாண் பருவம் ஆறு மாதம் நீட்டிக்கப்பட்டது. காரணம்: வகுத்தலில் போதிய திறமை இல்லை.